மாரிமுத்து பெயரில் ஒரு வாக்கு

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஒரு காப்பீட்டுச் சங்கத்தின் பெண் ஊழியர் தொலைபேசியில் எனக்கு இரங்கல் தெரிவித்தார். இறந்துபோனதாக அவர் நினைத்த மனிதர் அந்த நேரத்தில் கடத்தூருக்குப் பக்கத்தில், தன் வயலோரம் நின்று தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் கோவிந்தன். வயது எழுபத்து மூன்று. வட இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில், ஒரே பிஸ்கட் ஆலையில், ஒரே வரிசையில் நின்று நாங்கள் இருவரும் பதினோரு வருடம் பெட்டி அடைத்தோம். மனைவி இறந்த பிறகு அவருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஊருக்குப் போய்விட்டார். மாதாமாதம் அந்தக் காப்பீட்டுச் சங்கத்திலிருந்து ஓய்வூதியம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். இங்கே ஏதாவது விசாரிக்க வேண்டியிருந்தால் என்னைக் கேட்கலாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"ரெண்டு மாசமா பென்சன் வர்லப்பா. பேங்க்ல கேட்டா, அங்கிருந்தே வர்லன்றாங்க. கொஞ்சம் என்னான்னு கேளு, ரிப்போட்டரு."

இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் தர்மபுரியில் ஒரு நாளிதழின் செய்தியாளனாக இருந்தேன். அந்த வேலை போனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

இப்போது நகராட்சியில், வாகனம் நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். தேநீர் இடைவேளையில் சங்கத்தைக் கூப்பிட்டேன். பேசிய பெண்ணின் பெயர் கேரல். பெயரையும் பாலிசி எண்ணையும் வாங்கிக்கொண்டு சற்று நேரம் கணினியில் தட்டித் தேடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிஸ்டர் மாரிமுத்துவின் மறைவுக்கு வருந்துகிறோம்" என்றார்.

"மாரிமுத்து இறந்து முப்பது வருடம் ஆகிறதே" என்றேன்.

"அப்படியானால் இத்தனை வருடமும் நாங்கள் யாருக்கு ஓய்வூதியம் கொடுத்தோம்?"

நான் சொன்னது உண்மை. ஆனால் எதை முதலில் சொல்ல வேண்டும், எதை இரண்டாவதாகச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருந்தவன் நான். வரிசையைக் கோட்டைவிட்டேன். இடைவேளை முடிந்து இருபது நிமிடம் வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்வதில் போயிற்று.

2

நடந்தது இதுதான். நம் ஊரில் ஒருவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்து நிற்கும். இந்த நாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே தலைப்பெழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயரை அங்கே உட்காரவைக்கிறோம். மா. கோவிந்தன் இங்கே மிஸ்டர் ஜி. மாரிமுத்து ஆனார். பொ. செல்வராஜ் ஆகிய நான் மிஸ்டர் பொன்னுசாமி ஆனேன்.

கோவிந்தன் ஊர் திரும்பிய பிறகும் சங்கத்தின் கடிதங்கள் மாரிமுத்துவுக்கே போய்க்கொண்டிருந்தன. பழைய தபால்காரர் வெளிநாட்டுத் தபால் தலையைப் பார்த்தால் போதும், பெயரைப் படிக்காமலே கோவிந்தன் வீட்டில் கொடுத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர், பொறுப்பானவர். ஒரு கனமான உறையோடு டீக்கடையில் நின்று, "மாரிமுத்துன்னு யாருங்க இங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"மாரிமுத்துவா? அவரு போய்ச் சேந்து எவ்வளவு வருசமாச்சு."

பெறுநர் காலமானார் என்று உறையின் மேல் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சங்கம் அதை நம்பியது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் சரியாகக் கேட்டார், சொன்னவர் சரியாகச் சொன்னார், எழுதியவர் சரியாக எழுதினார். கோவிந்தன் செத்துப்போனார்.

எனக்கு இதைக் கேட்டதும் ஏரியூர் கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். செய்தியாளனான முதல் வருடம், ஏரியூரில் ஒரு கிருஷ்ணன் இறந்த செய்தியைத் தலைப்பெழுத்து இல்லாமல் அனுப்பிவிட்டேன். அதே ஊரில், அதே விவசாயிகள் சங்கத்தில் இன்னொரு கிருஷ்ணன் இருந்தார். மறுநாள் மாலை பேருந்து பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான்தாங்க செத்த கிருஷ்ணன். காலைலருந்து மாலையோட ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தது நான். அதுக்கு என்னா பண்றீங்க?"

ஆசிரியர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். திருத்தம் போட்டோம். தலைப்பெழுத்தை நான் அதன் பிறகு ஒருபோதும் விட்டதில்லை.

இந்த நாட்டில் அந்தத் தலைப்பெழுத்துதான் என்னுடைய பெயர். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், வங்கியில், கார் பழுதுபார்க்கும் இடத்தில், எங்கும் "மிஸ்டர் பொன்னுசாமி" என்று கூப்பிடுகிறார்கள். என் அப்பா ஓசூரைத் தாண்டிப் போனதில்லை. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு மிதிவண்டி, அவ்வளவுதான் அவருடைய உலகம். அவர் போன பிறகு ஊரில் அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இங்கேதான், அவரைப் பார்த்தேயிராத செவிலியர்கள் வாரம் ஒரு முறையாவது உரக்கக் கூப்பிடுகிறார்கள். முதல் வருடங்களில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு நாள், இதற்காக இந்த ஊருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

3

திரும்பிப் போன உறையில் இருந்தது சாதாரணக் கடிதம் அல்ல.

இந்தச் சங்கத்துக்கு முதலாளிகள் கிடையாது. பாலிசி வைத்திருப்பவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே உரிமையாளர்கள். இப்போது அது பங்குதாரர்களைக் கொண்ட கம்பெனியாக மாற விரும்புகிறது. மாறினால் உறுப்பினர்களின் உரிமை போய்விடும். அதற்கு ஈடாக ஒவ்வொருவருக்கும் புதிய கம்பெனியின் பங்குகள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பங்குகளுக்குப் பதில் பணம். மாறலாமா வேண்டாமா என்பதை உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். அந்த விளக்கப் புத்தகமும் வாக்குச் சீட்டும்தான் டீக்கடை வரை வந்துவிட்டுத் திரும்பின. கூட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் கோவிந்தன் உயிரோடு இருப்பது பதிவேட்டில் ஏறாவிட்டால் அவருக்கு வாக்கு இல்லை, ஈடும் இல்லை. ஓய்வூதியமும் நின்றது நின்றதுதான்.

ஓய்வூதியம் வரவேண்டிய எல்லோரும் உறுப்பினர்கள் அல்ல என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆலை மூடப்பட்டபோது, ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தவர்களுக்கு அவரவர் பெயரில் தனித்தனியாகப் பாலிசி எழுதிக் கொடுத்தார்கள். கோவிந்தன் அந்தப் பட்டியலில் இருந்தார். வயது குறைந்த எங்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஓய்வூதிய நிதியைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர்கள் பெயரில் ஒரே பாலிசி. ஆகவே எங்கள் சார்பில் உறுப்பினர் அந்த அறங்காவலர்கள்தான். வரும் ஈட்டை என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரே ஆலை, ஒரே சங்கம், ஒரே பிஸ்கட். அவருக்கு உரிமை உண்டு, எனக்கு இல்லை. இதை உறுதி செய்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். நான்கு முறை படித்தேன். தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

கோவிந்தனுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"நம்ம பால் சொசைட்டி மாதிரிதானே?"

"அதே மாதிரிதாண்ணா."

"சொசைட்டியத் தூக்கி ஒரு பால் கம்பெனிக்காரனுக்குக் குடுக்கணும்னா பால் ஊத்தறவங்களக் கேக்கணும். கேக்கறாங்க. அதானே?"

"அதேதான்."

"அப்ப ஒண்ணு சொல்லு. எங்கப்பன் இருவது வருசம் ஊத்துனாரு. அந்தச் சொசைட்டிக் கட்டடம் அவரு பால்லயும்தான் எழும்புச்சு. இன்னிக்கு வித்தா, நேத்து மாடு வாங்குனவனுக்கு உண்டு, அவருக்கு இல்லியா?"

"செத்தவங்களுக்கு உரிமை இல்லண்ணா."

"சரியாப்போச்சு. நானும்தான் செத்துட்டனே."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்காக அந்த விளக்கப் புத்தகத்தின் ஒரு பிரதியைச் சங்கத்திடம் வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். சங்கத்தின் சேமிப்பு பல தலைமுறைகள் கட்டிய சந்தாவில் வளர்ந்தது என்று பெருமையாக ஒரு பத்தி இருந்தது. அந்தத் தலைமுறைகளுக்கு என்ன என்பதற்குப் பதில் இல்லை. ஒரு தகுதி நாள் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் பதிவேட்டில் இருப்பவர்களுக்கே எல்லாம் போகும். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். செய்தித்தாளிலும் பக்கம் முடியும் நேரம் என்று ஒன்று உண்டு.

4

கேரல் மூன்று தாள்கள் கேட்டார். கோவிந்தன் உயிரோடு இருப்பதற்கு வங்கி மேலாளரின் சான்று. மாரிமுத்துவின் இறப்புச் சான்று. அது பட்டா மாற்றத்துக்காக எடுத்தது, வீட்டில் இருந்தது. மூன்றாவது, மாரிமுத்துவும் கோவிந்தனும் அப்பாவும் மகனும், பாலிசி மகனுடையது என்று நெருங்கிய உறவினர் இருவர் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழி. நெருங்கிய உறவினர் என்று இருப்பது இரண்டே பேர். பொம்மிடியில் கட்டிக்கொடுத்த தங்கை மாதம்மா, பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பி முருகன்.

அதற்குள் டீக்கடையில் செய்தி வளர்ந்துவிட்டது. மாரிமுத்து பெயருக்குச் சீமையிலிருந்து சொத்துப் பத்திரம் வந்ததாம், ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டதாம். மாதம்மா முதல் பேருந்திலேயே வந்து இறங்கிவிட்டார்.

ஞாயிறு காலை எனக்கு, மத்தியானம் அவர்களுக்கு. கைபேசியைத் தக்காளிப் பெட்டி மேல் சாய்த்துவைத்திருந்தார்கள். மின்விசிறியும் மாதம்மாவின் முகத்தில் பாதியும் தெரிந்தன.

"ஏங்க ரிப்போட்டரு, காய்தத்துல எங்கப்பன் பேருதானே போட்டிருக்குது?"

"ஆமாங்கக்கா. ஆனா பாலிசி உங்க அண்ணனுது."

"அண்ணனுதுன்னா அண்ணன் பேரு இருக்கணும். அப்பன் பேர்ல பட்டா இருந்தா அது அப்பன் நெலம். அப்பன் சொத்துல எனக்கும் பாத்தியம் உண்டு. பொம்பளைக்கும் சட்டம் இருக்குது."

"ஏம்மே, அப்பன் எப்பிடி லண்டனுக்குப் போனாரு? மாட்டு வண்டியிலயா?" இது கோவிந்தன்.

"நீ எதுல போன? அவரு ரெண்டு எருமைய வித்த காசுல போன. அப்ப அவரு போன மாதிரிதான்."

கோவிந்தன் முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டது. எருமை விற்றது உண்மை. ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முருகனின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. "எனக்கு ஒண்ணும் வேணாங்க. அக்கா வாங்குனா நானும் வாங்கிக்கறேன்."

"நாங்க கையெழுத்துப் போடலன்னா என்னா ஆவும்?" என்று மாதம்மா கேட்டார்.

"சங்கத்துப் பதிவுல உங்க அண்ணன் செத்தவராவே இருப்பாருங்க. பென்சன் வராது. ஓட்டும் இல்ல."

"அந்த ஈடு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். புத்தகத்தில் அதற்கும் ஒரு விதி இருந்தது. மறைத்தால் வேலை சுலபமாக முடியும். "தகுதி நாளுக்கு அப்புறம் செத்திருந்தா, அந்த ஈடு வாரிசுக்குப் போகும்னு போட்டிருக்குதுங்க" என்றேன்.

"வாரிசுன்னா?"

"உங்க அண்ணனுக்குப் புள்ளைங்க இல்ல. நீங்களும் முருகனும்தான்."

மாதம்மாவின் பாதி முகம் அண்ணன் பக்கம் திரும்பியது.

"அப்ப இவன் செத்தாத்தான் அது எங்களுக்கு."

"காய்தத்துல மட்டுங்கக்கா."

"காய்தத்துலன்னா மட்டும்? எழுதுனா எழுதுனதுதானே." மாதம்மா எழுந்துவிட்டார், இப்போது புடவைக் கொசுவம்தான் தெரிந்தது. "உசுரோட எதுத்தாப்புல ஒக்காந்து முறுக்கு திங்கறான். இவன வெச்சிகிட்டு இந்தப் பேச்சு எதுக்கு. டேய் முருகா, சட்டையத் தொவச்சு வெய்யி. நாளைக்குக் காலைல தர்மபுரிக்குப் போயி, எந்த வக்கீலுன்னு கேட்டு, போட்டுக் குடுத்துட்டு வந்துர்லாம்."

போகும்போது பெட்டியருகே குனிந்து, என்னிடம் சொல்வதுபோல் அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னார்: "அந்த எருமைய மட்டும் யாரும் மறந்துராதீங்க."

5

என் மகள் நந்தினி இந்தக் கதையை இரண்டு முறை கேட்டாள். இங்கேயே பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் சமையலறையில் கிடைத்தது. அங்கே எல்லோரும் எல்லோரையும் வாங்க, போங்க என்றே பேசியதால், பூனையைக்கூட "சாப்பிடுங்க, கோச்சுக்காதீங்க" என்பாள். தமிழில் யாரையும் அதட்ட அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. அதன் குடும்பப் பெயர் செல்வராஜ் என்று அவளும் கணவனும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் பெயரின் பின்னால் என் பெயர் நிற்கிறது. இனி அதுவே நிற்கும், பேரப்பிள்ளைகள் வரை. "மாத்திக்கிட்டே இருந்தா குழப்பம் அப்பா. கோவிந்தன் மாமாவைச் சாகடிச்சுட்டாங்க பாருங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படியானால் பொன்னுசாமி என்னோடு முடிகிறார். இதில் வருத்தப்பட ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. என்றைக்கோ ஒரு காத்திருப்பு அறையில், நான் பார்க்கப்போகாத யாரையோ என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதும் கூடவே தோன்றியது. அந்தக் கொஞ்சம் இன்னும் குறைந்தது.

6

தாள்கள் வந்து சேர்ந்த நான்காம் நாள் கேரல் தானாகவே கூப்பிட்டார். இதை எழுதிவைக்க வேண்டும். அவர் கூப்பிடத் தேவையில்லை, கடிதம் போட்டால் போதும். அதோடு, தேநீர் இடைவேளை எனக்கு எப்போது என்பதை நினைவில் வைத்திருந்து அதே பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டார்.

"உயிரோடு இருக்கிறார் என்று பதிந்துவிட்டோம். நிறுத்திவைத்த ஓய்வூதியம் இந்த வாரம் போகும். வாக்குச் சீட்டைக் கூரியரில் அனுப்பாமல் பதிவுத் தபாலிலேயே அனுப்புகிறேன். அந்தத் தபால்காரர் இந்த முறை சரியாகக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் நல்லது, இல்லையா?"

நல்லதுதான் என்றேன். பிறகு கேட்டார்: இனிக் கடிதங்களை மிஸ்டர் கோவிந்தன் என்று மாற்றி அனுப்பலாமா? உங்களையும் நான் இத்தனை நாள் உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்?

என்னை அப்படியே கூப்பிடலாம், பழகிவிட்டது என்றேன். கோவிந்தனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன்.

"வேணாம்பா. அந்தப் பேரு வந்துகிட்டே இருக்கட்டும். போஸ்ட் ஆபீசுக்கு நான் எழுதிக் குடுத்துட்டேன்."

எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்பினார். அரைத்தாள் மனு. 'என் தகப்பனார் மாரிமுத்து காலமாகிவிட்டபடியால், அன்னார் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தபால்களை உயிரோடு இருக்கும் என்னிடம் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' சாட்சிக் கையெழுத்து இரண்டு: மாதம்மா, முருகன். ஒன்பது வருடச் செய்தி வேலையில் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

உறை வந்த நாளில் கோவிந்தன் வயலில் இருந்தார். வாசலில், பொம்மிடியிலிருந்து வந்திருந்த மாதம்மா. கிருஷ்ணகிரிக்காரர் கடமை தவறாதவர். மனு இருந்தும் முறைப்படி கேட்டிருக்கிறார். "மாரிமுத்து இருக்காருங்களா?"

"அவரு இல்லீங்க. அவரு மவன் இருக்கான். நில்லுங்க, கூப்புடறேன்."

டீக்கடையில் யாரும் சொல்லாத இரண்டாவது வாக்கியம் அதுதான்.

வாக்குச் சீட்டு குறித்த காலத்துக்குள் திரும்பி வந்து சேர்ந்தது. மாரிமுத்துவின் வாக்கு பதிவானது என்று சங்கத்திலிருந்து எனக்கு ஒரு வரி வந்தது. அதைப் படித்துக் காட்டக் கோவிந்தனைக் கூப்பிட்டேன்.

"எதுக்குப் போட்டீங்கண்ணா? மாறலாம்னா, வேணாம்னா?"

"அதெல்லாம் ரிப்போட்டருகிட்ட சொல்லக் கூடாது. நீ என்னா போட்டிருக்குதுன்னு படி."

படித்தேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பெயரை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"எங்கப்பன் கைநாட்டுப்பா" என்றார். "சேலத்தக் கூட நேராப் பாத்ததில்ல. லண்டன்ல போயி ஓட்டுப் போட்டுட்டாரு, பாத்தியா."